எந்த கால்பந்து மேனேஜருக்கு அதிக மரியாதை? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைக் கேளுங்கள்

"கால்பந்து மேனேஜர்களில் எல்லாரும் மதிப்பது யாரை, ஏன்?" என்பது கேள்வி. இதற்கு வருகிற பதில்கள் பெரும்பாலும் கப் கணக்காகத்தான் இருக்கும். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசன் 38 வாங்கினார், ஆன்செலோட்டியிடம் ஐந்து சாம்பியன்ஸ் லீக் இருக்கிறது, ஆகவே இன்னார்தான் என்று முடித்துவிடுவார்கள். கப் எண்ண நான் எதற்கு, கூகுளே எண்ணிச் சொல்லும்.

மேனேஜர் என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மேலாளர் என்று எழுதினால் பேங்க்கில் கண்ணாடி ரூமுக்குள் உட்கார்ந்திருப்பவர்தான் எனக்கு ஞாபகம் வருகிறார், அதனால் மேனேஜர் என்றே எழுதுகிறேன். பிரிட்டனில் அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பயிற்சி கொடுப்பதோடு நிற்காமல், யாரை வாங்குவது, யாரை விற்பது, ஜூனியர் பையன்களில் யாரை வைத்துக்கொள்வது எல்லாமே ஒரே ஆள் கையில் இருந்தது. இப்போது பாதி அதிகாரம் ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்று இன்னொருவரிடம் போய்விட்டது. ஆனால் தோற்ற அன்று கேமரா முன்னால் வந்து நிற்பதும், கடைசியில் வேலை போவதும் இன்றைக்கும் மேனேஜருக்குத்தான்.

சரி, என் அளவுகோல் எது? கல்லூரி அணியில் நான் இரண்டு வருஷம் ரைட் பேக், வலது பக்கம் தடுத்து ஆடுகிறவன். அதாவது பேப்பரில் ரைட் பேக், நடைமுறையில் பெஞ்ச். அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டது, ஆடுகிற பதினொரு பேருக்கு கோச்சைப் பிடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பவன் பத்து வருஷம் கழித்து அவரைப் பற்றி என்ன சொல்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதோடு எதிரணி ரசிகனையும் கேட்க வேண்டும். இந்த இரண்டு பேரும் சொந்த ரசிகனைப் போல சும்மா தூக்கிவைத்துப் பேச மாட்டார்கள்.

இப்படிப் பார்த்தால் முதலில் வருகிற ஆள் கப்பே அதிகம் வாங்காத மார்செலோ பியெல்சா. அர்ஜென்டினாவின் ரொசாரியோக்காரர். சொந்த ஊர் கிளப்பான நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் தன் ஸ்டேடியத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறது. பெரிய கணக்கு என்று பார்த்தால் அர்ஜென்டினா லீக் பட்டங்கள் சில, 2004 ஒலிம்பிக் தங்கம், அவ்வளவுதான். 2002 உலகக் கோப்பைக்கு அவர் கூட்டிப்போன அர்ஜென்டினா அணிதான் ஜெயிக்கும் என்று ஊரே சொன்னது. முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்தது. இத்தாலியின் லாட்சியோ கிளப்பில் சேர்ந்து இரண்டே நாளில் ராஜினாமா செய்த மனுஷன் வேறு. ஆனாலும் குவார்டியோலா மேனேஜராக ஆவதற்கு முன்னால் அர்ஜென்டினாவுக்கே போய் அவரைப் பார்த்து மணிக்கணக்காகப் பேசிவிட்டு வந்தார். பின்னால் பெரிய மேனேஜராக ஆன பொச்செட்டினோ சின்னப் பையனாக இருந்தபோது பியெல்சாவும் இன்னொருவரும் நள்ளிரவு தாண்டி அவர் வீட்டுக் கதவைத் தட்டி, தூங்கிக்கொண்டிருந்த பையனின் கால்களைப் பார்த்துவிட்டு, இவன் ஆட்டக்காரன்தான் என்று முடிவு செய்ததாகக் குடும்பமே சொல்லும் கதை ஒன்று உண்டு.

இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட்டில் அவர் மேனேஜராக இருந்த காலத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், விஷயம் அங்கேதான் இருக்கிறது. 2019 ஜனவரியில் எதிரணியான டெர்பி கவுண்டியின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே சந்தேகப்படும்படி நின்ற ஒரு ஆளைப் போலீஸ் விசாரித்தது. அவர் லீட்ஸ் அனுப்பிய ஆள். இங்கிலாந்து முழுக்க "வேவு பார்க்கிறார்கள்" என்று ஒரே கூச்சல். வேறு யாராக இருந்தாலும் கீழே வேலை செய்பவன் தலையில் போட்டிருப்பார்கள். பியெல்சா என்ன செய்தார்? நிருபர்களைக் கூப்பிட்டார். ராஜினாமா செய்யப்போகிறார் என்று நினைத்து எல்லாரும் ஓடிவந்தார்கள். அவரோ லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நான்தான் அனுப்பினேன், டெர்பிக்கு மட்டுமல்ல, எல்லா அணிக்கும் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தான் எதிரணியை எப்படி ஆராய்கிறேன் என்று வாத்தியார் மாதிரி பாடம் எடுத்தார். கிளப்புக்கு விழுந்த 2 லட்சம் பவுண்ட் அபராதத்தைத் தன் கையிலிருந்து கட்டினார்.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 28, ஆஸ்டன் வில்லாவோடு ஆட்டம். மேல் டிவிஷனுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த அணி லீட்ஸ். வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கீழே கிடக்கிறார், பந்தை வெளியே தட்டிவிடுவார்கள் என்று வில்லாக்காரர்கள் நின்றுவிட்டார்கள், லீட்ஸ் நிற்காமல் போய் கோல் அடித்துவிட்டது. மைதானத்தில் தள்ளுமுள்ளு, சட்டையைப் பிடிக்கிறார்கள். பியெல்சா கோட்டருகே நின்று தன் ஆட்களைப் பார்த்து கத்துகிறார்: அவர்களுக்கு ஒரு கோல் விட்டுக்கொடுங்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் வில்லாவின் அடோமா பந்தைத் தள்ளிக்கொண்டு நடந்தே போய் கோலுக்குள் போடுகிறார். லீட்ஸ் அணியில் எல்லாரும் சிலை மாதிரி நிற்க, டிஃபெண்டர் யான்சன் மட்டும் பொறுக்கமாட்டாமல் ஓடிப்போய்த் தடுக்கப் பார்த்தார். பாவம், அவர் மனசும் புரிகிறது. 1-1. அந்த டிராவோடு ஷெஃபீல்ட் யுனைடெட் மேலே போவது உறுதியாகிவிட்டது. மேலே போக மிச்சமிருந்த ஒரே இடத்துக்காக லீட்ஸ் பிளே-ஆஃபில் ஆட வேண்டி வந்து, அங்கே தோற்றது. யாரிடம்? அதே டெர்பியிடம்.

அடுத்த வருஷம் அவரே அந்த அணியை முதலிடத்தில் கொண்டுவந்து, 16 வருஷத்துக்குப் பிறகு பிரீமியர் லீக்கில் சேர்த்தார். 2022 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் 20 கோல் வாங்கியதும் வேலையை விட்டு அனுப்பினார்கள். கடைசி ஆட்டத்தில் நாலு கோலில் தோற்றுக்கொண்டிருந்தபோதும் சொந்த ரசிகர்கள் அவர் பெயரைத்தான் பாடினார்கள். ஊர்ச் சுவர்களில் அவர் முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த மனிதரும் பெஞ்ச் சோதனையில் முழுசாகத் தேறவில்லை. அப்புறம் உருகுவே அணிக்குப் போனவரைப் பற்றி 2024-ல் லூயிஸ் சுவாரெஸ் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்: வீரர்களிடம் பேசுவதில்லை, ஒரு காலை வணக்கம்கூட இல்லை என்று. வாத்தியார்களில் இப்படி ஒரு ரகம் உண்டு, பாடத்தின் மேல் இருக்கிற காதல் பையன்கள் மேல் இருக்காது.

விட்டுக்கொடுத்த விஷயத்தில் ஆர்சனலின் வெங்கரையும் சொல்லாமல் போனால் தப்பு. 1999-ல் இங்கிலாந்தின் எஃப்ஏ கப் ஆட்டம், எதிரில் ஷெஃபீல்ட் யுனைடெட். ஒரு வீரர் அடிபட்டதால் எதிரணி பந்தை வெளியே தட்டியது, ஆர்சனல் அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம், புதிதாக வந்திருந்த கானு விவரம் புரியாமல் அதை எடுத்துக்கொண்டு ஓட, ஓவர்மார்ஸ் கோல் அடித்துவிட்டார். 2-1 ஆர்சனல் ஜெயித்தாயிற்று. வெங்கர் அன்றே, இந்த வெற்றி வேண்டாம், திரும்ப ஆடலாம் என்றார். திரும்ப ஆடினார்கள். மறுபடியும் 2-1, ஆர்சனலே. 2003-04-ல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காத சாதனையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

அலெக்ஸ் ஃபெர்குசன். கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் பகுதியில் பிறந்து, தொழிற்சாலையில் வேலை பழகி, யூனியன் வேலையும் பார்த்தவர். அபர்டீன் என்ற நடுத்தர கிளப்பை வைத்து 1983-ல் ஐரோப்பிய ஃபைனலில் ரியல் மாட்ரிட்டையே சாய்த்தார். 1986 முதல் 2013 வரை மான்செஸ்டர் யுனைடெட். அவருக்குக் கிடைப்பது மரியாதை பாதி, பயம் பாதி. அவரை நல்லவர் என்று யாராவது சொன்னால், கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டனிடம் கேட்டீர்களா என்பேன்.

லெய்ட்டன் அபர்டீனிலேயே அவரிடம் ஆடி, பின்னால் யுனைடெட்டுக்கும் வந்தவர், 1983 ஃபைனலிலும் அவர்தான் கோல்கீப்பர். 1990-ல் ஃபெர்குசனுக்கு யுனைடெட்டில் இன்னும் ஒரு கப்கூட இல்லை, வேலை ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. எஃப்ஏ கப் ஃபைனலில் கிரிஸ்டல் பேலஸோடு 3-3 டிரா. கோல்களில் லெய்ட்டனின் தப்பு இருந்தது. ஐந்து நாள் கழித்து மறு ஆட்டம். அபர்டீன் காலத்திலிருந்தே தெரிந்த ஆளைத் தூக்கிவிட்டு, வேறு கிளப்பிலிருந்து கடனுக்கு வந்திருந்த லெஸ் சீலியை நிற்க வைத்தார். 1-0 வெற்றி. முதல் கப். அடுத்த 23 வருஷத்துக்கான கதவு அன்றைக்குத்தான் திறந்தது. சீலி தன் மெடலை லெய்ட்டனிடம் நீட்டினார். அது லெய்ட்டனிடம் தங்கவில்லை. லெய்ட்டனுக்கும் ஃபெர்குசனுக்கும் இருந்த உறவு அதோடு முடிந்தது. ஆட்டக் கணக்கில் பார்த்தால் முடிவு சரி. ஆனால் முடிந்துபோனவன் என்று ஓரம் கட்டப்பட்ட அதே லெய்ட்டன் 1998 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், 39 வயதில், பிரேசிலுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் கோல்கீப்பராக நின்றார். பெஞ்சில் உட்கார்ந்த எவனுக்கும் அந்தக் காட்சி இனிக்கும்.

அதே லெய்ட்டன் வருகிற இன்னொரு ராத்திரியும் உண்டு. 1985 செப்டம்பர் 10, கார்டிஃப். வேல்ஸோடு ஸ்காட்லாந்து, உலகக் கோப்பைக்குப் போக டிராவாவது வேண்டும். மேனேஜர் ஜாக் ஸ்டைன், அவருக்குத் துணையாக பெஞ்சில் ஃபெர்குசன். இடைவேளையில் லெய்ட்டன் காண்டாக்ட் லென்ஸைத் தொலைத்துவிட்டார் என்று தெரிகிறது. அவர் லென்ஸ் போடுகிறார் என்பதே யாருக்கும் தெரியாது, சொந்த கிளப் மேனேஜரான ஃபெர்குசனுக்கும் தெரியாது. தெரிந்தே மறைத்துவிட்டான் என்று ஸ்டைன் நினைத்துவிடுவாரோ என்று ஃபெர்குசன் தவித்திருக்கிறார். மாற்று கோல்கீப்பரோடு இரண்டாம் பாதி, கடைசிப் பத்து நிமிஷத்தில் பெனால்டியில் 1-1. ஆட்டம் முடிகிற நேரத்தில் ஸ்டைன் சரிந்து விழுந்தார், ஸ்டேடியத்தின் மருத்துவ அறையிலேயே உயிர் போய்விட்டது. வயது 62. அணியை அடுத்த வருஷம் மெக்சிகோவுக்குக் கூட்டிப்போனது ஃபெர்குசன்.

ஸ்டைன் யார் என்று இங்கே பலருக்குத் தெரியாது. சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 1967-ல் செல்டிக்கை வைத்து ஐரோப்பிய கப்பை வாங்கினார், பிரிட்டிஷ் அணி ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் தடவை. இன்டர் மிலானை லிஸ்பனில் வைத்து ஜெயித்த அந்த பதினொரு பேரும் செல்டிக் மைதானத்தைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். அந்தத் தலைமுறை மேனேஜர்களில் லிவர்பூலின் ஷாங்க்லி, யுனைடெட்டின் பஸ்பி இருவரும் ஸ்காட்லாந்தின் நிலக்கரி ஊர்க்காரர்கள்தான். பூமிக்கு அடியில் பக்கத்தில் இருப்பவனை நம்பித்தான் உயிர் பிழைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை டிரஸ்ஸிங் ரூமுக்கும் கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆட்டத்துக்கே சம்பந்தமில்லாத காரணத்துக்காக மதிக்கப்படுகிறவர் கென்னி டால்கிளீஷ். 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். மொத்தம் 97 உயிர், கடைசி உயிர் 2021-ல் போனது. அப்போது லிவர்பூல் மேனேஜராக இருந்த டால்கிளீஷுக்கு வயது 38. கிளப் வாசலைத் திறந்து வைத்து, வந்த குடும்பங்களோடு உட்கார்ந்தார், மனைவியோடு இறுதிச் சடங்குகளுக்குப் போனார், ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குக்கூடப் போயிருக்கிறார். இதற்கெல்லாம் யாரும் அவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை, மேனேஜர் காண்டிராக்டிலும் எழுதியிருக்கவில்லை. 1991-ல் அதே ஊர்ப் போட்டி அணியான எவர்டனோடு 4-4 டிரா ஆன கையோடு, என்னால் முடியவில்லை என்று பதவியை விட்டு இறங்கினார். உடம்பிலும் மனசிலும் தேங்கியதெல்லாம் அப்படித்தான் வெளியே வந்தது. இன்றைக்கும் எவர்டன் ரசிகன்கூட டால்கிளீஷைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவான்.

ஆன்செலோட்டிக்கு வருவோம். விவசாயக் குடும்பம், எதற்கும் பதறாத முகம், ரொம்பப் போனால் ஒரு புருவம் மேலே ஏறும். அவரைப் பற்றி "நட்சத்திரங்களைச் சும்மா ஆடவிட்டு வேடிக்கை பார்ப்பவர்" என்று ஒரு ஏளனம் உண்டு. ஆரம்பத்தில் அவர் அப்படி இல்லவே இல்லை. பார்மாவில் இருந்தபோது ரொபர்ட்டோ பாஜ்ஜோ வரத் தயாராக இருந்தார், என் 4-4-2 ஆட்ட அமைப்பில் உனக்கு இடம் இல்லை என்று ஆன்செலோட்டி வேண்டாமென்றுவிட்டார். பாஜ்ஜோ பொலோனியாவுக்குப் போய் அந்த சீசனில் 22 கோல் அடித்தார். அது தன் தப்பு என்று ஆன்செலோட்டியே பின்னால் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு யுவென்டஸில் ஜிதானுக்காகத் திட்டத்தை மாற்றினார், மிலானில் பிர்லோவைப் பின்னால் இறக்கி அங்கிருந்து ஆட்டத்தையே நடத்த வைத்தார். ஆளுக்கேற்ற சட்டை தைப்பவர் ஆகிவிட்டார். 2005-ல் இஸ்தான்புல்லில் இடைவேளைக்கு 3-0 முன்னிலை, அப்புறம் லிவர்பூலிடம் கப்பையே கோட்டைவிட்டார். அந்த மாதிரித் தோல்வி ஒருத்தனை உடைத்துப் போட்டுவிடும். இரண்டே வருஷத்தில் அதே லிவர்பூலை ஃபைனலில் ஜெயித்தார். ஐந்து பெரிய லீக்குகளிலும் பட்டம் வாங்கிய ஒரே மேனேஜர் அவர். செல்சி அவரை வேலையை விட்டு அனுப்பியது தெரியுமா, எவர்டன் மைதானத்தின் நடைவழியில், கடைசி ஆட்டம் முடிந்த சூட்டோடு. அதற்கு முந்தின வருஷம்தான் லீக்கும் கப்பும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். அதற்காக அவர் யாரையும் திட்டித் திரியவில்லை.

மொரினியோவை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வருவீர்கள். என் சோதனையில் பாஸும் ஃபெயிலும் சேர்ந்து வாங்கியவர் அவர் ஒருவர்தான். 2010 மே, மாட்ரிட், அவருடைய இன்டர் மிலான் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த ராத்திரி. மொரினியோ ரியல் மாட்ரிட்டுக்கு மாறப்போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஸ்டேடியத்துக்கு வெளியே காரில் கிளம்பியவர், சுவரில் சாய்ந்து நின்ற இன்டர் டிஃபெண்டர் மட்டராட்சியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி வருகிறார், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துத் தேம்பி அழுகிறார்கள். வீடியோ இருக்கிறது, பாருங்கள். மட்டராட்சி அன்று ஆடியது ஆட்டம் முடிகிற நேரத்தில் கொஞ்ச நேரம்தான். கிட்டத்தட்ட முழு ஆட்டமும் பெஞ்சில் இருந்தவன் அப்படி அழுகிறான் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அதே மொரினியோதான் 2015-ல் செல்சியில், கீழே விழுந்த வீரனுக்கு வைத்தியம் பார்க்க ஓடிய சொந்த அணி டாக்டரை எல்லார் முன்னாலும் குறை சொன்னார். அந்த அம்மா வேலையை விட்டே போனார், கடைசியில் கிளப் மன்னிப்புக் கேட்டது. தன் ஆள் என்றால் உயிரைக் கொடுப்பார், தன் ஆள் இல்லையென்று தோன்றிவிட்டால் அவ்வளவுதான்.

மொரினியோவுக்கு வழி காட்டியவர் பாபி ராப்சன். போர்ச்சுகலில் ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர்தான் மொரினியோ. இங்கிலாந்தின் சுரங்க ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ராப்சன், வீரர்களின் பெயர்களைக் குழப்புவதில் பேர்போனவர். தன் இங்கிலாந்து அணி கேப்டன் பிரையன் ராப்சனுக்கே "குட் மார்னிங் பாபி" என்று சொல்லி, "பாபி நீங்கள், நான் பிரையன்" என்று பதில் வாங்கியதாகச் சொல்வார்கள். போர்ட்டோவில் அவர் குடியிருந்த அபார்ட்மென்டிலேயே ஒரு பதினாறு வயதுப் பையன் இருந்தான். டோமிங்கோஸ் என்ற ஸ்ட்ரைக்கரை ஏன் ஆட வைக்கவில்லை என்று கேட்டு அவருக்கு ஒரு கடிதம் போட்டான். யோசித்துப் பாருங்கள், ஊரின் பெரிய கிளப் மேனேஜருக்கு மாடிவீட்டுப் பையன் எழுதுகிறான், நீங்கள் செய்வது தப்பு என்று. ராப்சன் அவனைக் கூப்பிட்டுப் பேசினார், பயிற்சிக்கு வரச் சொன்னார், பிரிட்டனில் கோச்சிங் படிக்க வழி பண்ணினார். அந்தப் பையன் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ். 2011-ல் 33 வயதில் அதே போர்ட்டோவுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்தார், 2024-ல் அந்த கிளப்பின் தலைவராகவே ஆனார். பார்சிலோனாவில் ஒரே சீசனில் மூன்று கப் வாங்கியும் ராப்சனை ஓரமாக வேறு பதவியில் உட்கார வைத்தார்கள், முனகாமல் உட்கார்ந்தார். ஒரே ஒரு பெயர்தான் வேண்டும் என்றால் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

இன்னொருவரும் இருக்கிறார், ஐரோப்பாக்காரர்கள் போடுகிற பட்டியலில் வரவே மாட்டார். ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். இந்திய அணி 1951-ல் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்ததும் அவர் கையில். செகந்திராபாதில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் போன்றவர்களைத் தேடிப்பிடித்து வளர்த்ததும் அவர்தான். 1962-ல் ஆசிய விளையாட்டுக்காக ஜகார்த்தாவுக்கு அணியோடு போனபோது அவருக்கு நுரையீரல் புற்றுநோய். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் டிஃபெண்டர் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். அந்தத் தையலோடு பின்னால் நின்று மோத முடியாது, ஆனால் ஆளை இழக்கவும் மனசில்லை. ரஹீம் அவரைத் தூக்கி ஸ்ட்ரைக்கராகப் போட்டார். அரசியல் தகராறு ஒன்றால் உள்ளூர்க் கூட்டம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. ஃபைனலில் அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, தலையில் கட்டோடு ஆடிய ஜர்னெயில் சிங் ஒன்று, 2-1.

அடுத்த ஜூனில் ரஹீம் இறந்தார், தங்கம் வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்திய ஆண்கள் அணிக்கு 1970-ல் ஒரு வெண்கலம். அதோடு சரி.